கூகுளுக்குக் காட்டும் லேபிள்: 'ஸ்ட்ரக்சர்டு டேட்டா'வால் யாருக்கு லாபம்?

கூகுளில் 'அக்கவுண்டன்ட் வேலை கோயம்புத்தூர்' என்று தேடிப் பாருங்கள். வழக்கமான இணைப்புகளுக்கு இடையே தனியாக ஒரு பெட்டி வரும். நிறுவனத்தின் பெயர், ஊர், முழுநேரமா பகுதிநேரமா, சில நேரம் சம்பளம், கூடவே '3 நாட்களுக்கு முன்பு' என்று ஒரு குறிப்பு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக இருக்கும். வேலை தேடும் ஒருவர் ஆசையாக அதைத் தட்டுகிறார். உள்ளே போனால் 'இந்தப் பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது' என்கிறது பக்கம். திரும்பி வந்து அடுத்ததைத் தட்டுகிறார். அது ஏதோ ஒரு ஆப்பை டவுன்லோடு செய்யச் சொல்கிறது.

என்னப்பா இது என்று கூகுளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அந்த '3 நாட்களுக்கு முன்பு' என்ற கணக்கு கூகுள் தானாகப் போட்டதல்ல. வேலையை வெளியிட்ட தளம், தன் பக்கத்துக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு தேதியை எழுதி வைத்திருக்கிறது. கூகுள் அதைப் படித்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்குப் பெயர்தான் 'ஸ்ட்ரக்சர்டு டேட்டா'.

இணையதளம் வைத்திருப்பவர்களிடம் இன்று இதை ஒரு மந்திரம் போல விற்கிறார்கள். 'ஸ்கீமா போட்டுத் தர்றோம், கூகுள்ல முதல் பக்கம் வந்துடும்' என்று சொல்லும் ஏஜென்சிகள் எல்லா ஊரிலும் உண்டு. அது மந்திரம் இல்லை. அதற்காகத் தேவையில்லாத வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உண்மையில் அது தளம் நடத்துபவர் இயந்திரத்திடம் கொடுக்கும் ஒரு வாக்குமூலம். அதில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாக்கெட்டின் பின்பக்கம்

ஒரு மசாலா பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஆவி பறக்கும் குழம்பின் படம், 'பாட்டி கைப்பக்குவம்' மாதிரி ஒரு வாசகம். பின்பக்கம் பொடி எழுத்தில் எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரித்தவரின் முகவரி. வாங்குபவரை ஈர்ப்பது முன்பக்கம். சரக்கு எது என்று உறுதியாகச் சொல்வது பின்பக்கம்.

இணையப் பக்கத்துக்கும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. நாம் படிப்பது முன்பக்கம். சாம்பார் செய்முறைப் பக்கம் ஒன்றில் '30' என்று இருந்தால் அது 30 நிமிடமா, 30 கிராம் பெருங்காயமா (அய்யோ!), 30 ரூபாயா என்பது படிக்கும் நமக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். இயந்திரம் ஊகிக்க வேண்டும். இப்போதைய இயந்திரங்கள் நன்றாகவே ஊகிக்கின்றன. ஆனால் ஊகம் ஊகம்தான். அதனால் பக்கத்தின் நிரலுக்குள் தனியாக ஒரு சிறு துண்டு எழுதிவைக்கிறார்கள்: இது ஒரு சமையல் குறிப்பு, பெயர் பருப்பு சாம்பார், சமைக்கும் நேரம் 30 நிமிடம், நான்கு பேருக்குப் போதும், படம் இது, எழுதியவர் இவர்.

எந்தத் தகவலுக்கு எந்தப் பெயர் என்பதற்கு ஒரு பொது அகராதி இருக்கிறது. அதுதான் 'ஸ்கீமா டாட் ஆர்க்'. அந்தத் துண்டை எழுதும் விதத்தில் மூன்று நான்கு வகை உண்டு. 'ஜேசன்-எல்டி' என்ற வகையைத்தான் கூகுள் பரிந்துரைக்கிறது. பக்கத்தின் மற்ற எழுத்துகளோடு கலக்காமல் தனி மூட்டையாக வைத்துவிடலாம் என்பது அதன் வசதி. வேர்ட்பிரஸ் தளம் என்றால் யோஸ்ட் போன்ற பிளக்இன்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஒன்றுக்கு இரண்டாகப் பிளக்இன் போட்டு, ஒரே பக்கத்தில் இரண்டு முரண்பட்ட லேபிள்கள் ஒட்டியிருக்கும் தளங்களும் உண்டு. அது வேறு கதை.

பொய் சொல்வார்கள் என்று அப்போதே சொன்னவர்

யோசனை புதிதல்ல. வலைத்தளம் என்ற ஒன்றையே உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 2001-ல் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பக்கங்களில் இருப்பதை மனிதர்கள் மட்டுமல்ல, இயந்திரங்களும் பொருள் புரிந்து படிக்கும் காலம் வரும் என்பது அதன் கனவு. 'செமான்டிக் வெப்' என்று அதற்குப் பெயர்.

அதே ஆண்டு கோரி டாக்டரோ என்ற எழுத்தாளர் இந்தக் கனவின் மீது ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். தன் பக்கத்தைப் பற்றித் தானே எழுதும் குறிப்பை நம்ப முடியாது என்று ஏழு காரணங்களை அடுக்கினார். முதல் காரணமே 'மக்கள் பொய் சொல்வார்கள்' என்பதுதான். அடுத்தது 'மக்கள் சோம்பேறிகள்'.

அவர் சொன்னதற்கு நிரூபணம் அப்போதே கண்முன் இருந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் 'கீவேர்ட்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. பக்கம் எதைப் பற்றியது என்று நாலு வார்த்தையில் சொல்வதற்காக வைத்தது. செருப்புக் கடைக்காரர்கூட அதில் சினிமா நட்சத்திரங்களின் பெயரை நிரப்பும் அளவுக்கு நிலைமை போனது. தரவரிசைக்கு அந்த இடத்தைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், அதே 2009-ல்தான் கூகுள் 'ரிச் ஸ்னிப்பெட்ஸ்' என்ற பெயரில் வேறொரு வகைக் குறிப்பைப் படிக்கத் தொடங்கியது. நட்சத்திர மதிப்பீடு, விலை போன்றவை தேடல் முடிவிலேயே தெரிய ஆரம்பித்தன. 2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா டாட் ஆர்க்கை அறிவித்தன. சில மாதங்களில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் வந்து சேர்ந்தது. சந்தையில் முட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே அகராதிக்கு ஒத்துக்கொண்டது சின்ன விஷயமில்லை. இதன் பின்னால் இருந்த முக்கியமான ஆள் ராமநாதன் வி. குஹா. சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். பாட்காஸ்ட் கேட்பவர்கள் தினமும் தெரியாமலே பயன்படுத்தும் ஆர்எஸ்எஸ்ஸின் தொடக்க வடிவத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மனிதர்கள் பொய் சொல்வார்கள், சோம்பேறிகள் என்ற பிரச்னையைக் கூகுள் எப்படிச் சமாளித்தது? ஒரு மிட்டாயும் ஒரு பிரம்பும் வைத்தது. லேபிள் ஒட்டினால் உங்கள் இணைப்பு படத்தோடும் நட்சத்திரத்தோடும் பளிச்சென்று தெரியும். பொய் லேபிள் ஒட்டினால் அந்தச் சலுகை பறிபோகும். பக்கத்தில் வாசகருக்குத் தெரியாத ஒன்றை லேபிளில் எழுதக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி.

அப்போ முதல் பக்கம் வராதா?

வராது. இன்னும் சரியாகச் சொன்னால், லேபிள் ஒட்டியதற்காக மட்டும் வராது. லேபிள் சரியாக இருந்தால் உங்கள் பக்கம் அந்த அலங்காரத் தோற்றத்துக்குத் 'தகுதி' பெறும்; காட்டுவோம் என்று உத்தரவாதம் இல்லை என்று கூகுளின் வழிகாட்டிக் குறிப்புகளே சொல்கின்றன. ஏஜென்சியின் கொட்டேஷனில் இந்த வரி மட்டும் ஏனோ இருப்பதில்லை.

பளிச்சென்று தெரியும் இணைப்பை அதிகம் பேர் தட்டுகிறார்கள் என்பது உண்மை. கூகுள் தன் குறிப்புகளில் சில நிறுவனங்களின் கணக்கைத் தருகிறது. சினிமா விமர்சனத் தளமான 'ராட்டன் டொமேட்டோஸ்' ஒரு லட்சம் பக்கங்களில் லேபிள் சேர்த்தது. லேபிள் இருந்த பக்கங்களைத் தட்டியவர்களின் விகிதம், இல்லாத பக்கங்களைவிட 25 சதவீதம் அதிகமாம். நெஸ்லே 82 சதவீதம் என்கிறது. இவை கூகுள் தானே தேர்ந்தெடுத்து வெளியிட்ட வெற்றிக் கதைகள் என்பதை மறக்க வேண்டாம். டியூஷன் சென்டர் போர்டில் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படம் மட்டும்தானே இருக்கும்?

கொடுத்த கை எடுத்ததும் உண்டு

சலுகை யாருடையதோ, அதை நிறுத்தும் உரிமையும் அவருடையதுதான். இது ஒருமுறை நடந்த கதை இல்லை.

முதலில் நட்சத்திரங்கள். சொந்தத் தளத்தில் தனக்குத் தானே 4.9 நட்சத்திரம் கொடுத்துக்கொண்டு, அதை லேபிளில் எழுதி, தேடல் முடிவில் மின்னவைத்த கடைகள் ஏராளம். 2019 செப்டம்பரில் கூகுள் விழித்துக்கொண்டது. ஒரு நிறுவனம் தன் தளத்திலேயே தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீட்டுக்கு இனி நட்சத்திரம் காட்டமாட்டோம் என்றது. இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது கேள்வி-பதில். 2019 மே மாதம், 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பகுதிக்கு லேபிள் ஒட்டினால் தேடல் முடிவிலேயே கேள்விகளை விரித்துக் காட்டுவோம் என்றார்கள். உலகம் முழுக்க ஒரே கேள்விக் காய்ச்சல். யாரும் கேட்காத கேள்விகளையெல்லாம் பக்கத்தின் அடியில் எழுதி, பதிலும் எழுதி, லேபிளும் ஒட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று அதற்குக் கூலியும் வாங்கினார்கள். 2023 ஆகஸ்டில், பெயர் பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும்தான் இனி அது என்று கூகுள் அறிவித்தது. செய்வது எப்படி என்று படிப்படியாகக் காட்டும் லேபிளுக்கும் அடுத்த மாதமே மொத்தமாக மூடுவிழா.

இவை இரண்டிலும் போனது பெரும்பாலும் அலங்காரம்தான். மூன்றாவது கதை அப்படியல்ல. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு தகவல் உண்மையா பொய்யா என்று சரிபார்க்கும் செய்தியாளர்களுக்காக 'கிளெய்ம்ரிவ்யூ' என்ற லேபிள் 2015-ல் உருவானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ரிப்போர்ட்டர்ஸ் லேபும் கூகுளும் சேர்ந்து இதில் வேலை செய்தன. சொன்னவர் யார், சொன்னது என்ன, சரிபார்த்த முடிவு என்ன என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதும் அமைப்பு. யாராவது அந்த வதந்தியைத் தேடினால், 'தவறு' என்ற முடிவு தேடல் பக்கத்திலேயே தெரியும். பக்கத்தைத் திறக்காமல் போகிறவருக்குக்கூட அந்த ஒரு சொல் போய்ச் சேரும்.

2025 ஜூனில், தேடல் முடிவுகளை எளிமையாக்குகிறோம் என்று சொல்லி ஏழு வகை லேபிள்களின் தோற்றத்தைக் கூகுள் கைவிட்டது. அதில் கிளெய்ம்ரிவ்யூவும் ஒன்று. கொரோனா காலத்தில் ஊரடங்கு, பரிசோதனை மையம் போன்ற அவசர அறிவிப்புகளுக்காகக் கொண்டுவந்த லேபிளும் அதே பட்டியலில் போனது. அதற்கான காலம் முடிந்துவிட்டது, சரி. வதந்திக்கான காலம் முடிந்துவிட்டதா என்ன? பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு சரிபார்ப்புக் கட்டுரைக்கும் கூடுதலாகச் சில நிமிடம் செலவழித்து உலகம் முழுக்கச் செய்தியாளர்கள் நிரப்பிய படிவம் அது. அதை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை என்ற ஒரு வரி விளக்கத்தில் முடித்துவிட்டார்கள். பொதுநலனுக்கான ஒரு வேலையை ஒரு தனியார் நிறுவனத்தின் தேடல் பக்கத்தை மட்டும் நம்பிக் கட்டினால் நடப்பது இதுதான்.

வேலை விளம்பரத்தில் ஒரு தேதி

இருந்தும் இந்த லேபிள் ஒரு மனிதரின் ஒரு நாளை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது வேலைவாய்ப்பு.

வேலை அறிவிப்புகளைத் திரட்டித் தனிப் பெட்டியில் காட்டும் வசதியைக் கூகுள் 2017-ல் அமெரிக்காவிலும், 2018 ஏப்ரலில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்குள் வர, தளங்கள் 'ஜாப்போஸ்டிங்' என்ற லேபிளை நிரப்ப வேண்டும். பதவியின் பெயர், வேலை பற்றிய விவரம், வேலை தருபவர், இடம், வெளியிட்ட தேதி ஆகியவை கட்டாயம். சம்பளமும் கடைசித் தேதியும் கொடுத்தால் நல்லது.

சம்பளத்துக்கு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். அது வேலை தருபவர் சொன்ன உண்மையான தொகையாக இருக்க வேண்டும். தளம் தானாகப் போடும் மதிப்பீடு கூடாது. 'சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று எழுதியே பழகிய நம்மூர் முதலாளிகளுக்கு இந்தக் கட்டம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். கட்டத்தைக் காலியாக விடலாம், தப்பில்லை. ஊகித்து நிரப்புவதுதான் தப்பு.

பெரிய பிரச்னை தேதி. புதிய அறிவிப்புகள்தான் தட்டப்படும் என்பது எல்லாத் தளத்துக்கும் தெரியும். அதனால் பழைய அறிவிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியிட்ட தேதியை மட்டும் அவ்வப்போது புதுப்பிக்கும் ஆசை வருகிறது. ஒரு நிரல் எழுதிவிட்டால் போதும், தினமும் காலையில் எல்லா வேலையும் 'இன்று' வெளியானதாகிவிடும். ஆள் எடுத்து முடித்த பிறகும் பக்கத்தை அகற்றாமல் விட்டால் அதற்கும் பார்வைகள் வந்துகொண்டே இருக்கும். பார்வை வந்தால் விளம்பரக் காசு.

இழப்பு யாருக்கு? தளத்துக்கு இல்லை. கூகுளுக்கும் பெரிதாக இல்லை. டிகிரி முடித்துவிட்டு, ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று டேட்டா பார்த்துச் செலவழித்து, ஒரு நாளைக்கு இருபது இடத்தில் பெயரும் போன் நம்பரும் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு. முடிந்துபோன வேலைக்கு அவர் கொடுத்த போன் நம்பர் முடிந்துபோவதில்லை. 'சார், நீங்க அப்ளை பண்ண ஜாப் விஷயமா பேசுறோம்' என்று வேறு யாராவது அழைக்க அதுவே போதும்.

இதற்கான தீர்வு அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. கடைசித் தேதியைக் குறித்துவிட்டால், தேதி கடந்ததும் அந்த அறிவிப்பு காலாவதியானது என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். முன்கூட்டியே ஆள் கிடைத்துவிட்டால், அந்தத் தேதியை நேற்றைய தேதியாக மாற்றலாம், லேபிளை அகற்றலாம், அல்லது பக்கத்தையே எடுத்துவிடலாம். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் போதும் என்கிறது கூகுளின் விதி. காலாவதியான வேலையை விட்டுவைப்பது, விண்ணப்பிக்க வழியே இல்லாத வேலையைப் போடுவது, வேலை என்ற பெயரில் விளம்பரம் செய்வது எல்லாமே விதிமீறல். பிடிபட்டால் அந்தத் தளத்தின் வேலைகள் பெட்டியில் வராமல் போகும். பக்கம் மாறியதை உடனே கூகுளுக்குச் சொல்ல தனிக் குழாய் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். 'இண்டெக்ஸிங் ஏபிஐ' என்பார்கள். வேலை அறிவிப்புகளுக்கும் நேரலை வீடியோக்களுக்கும் மட்டும்தான் அது அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. காரணம், இந்த இரண்டும் சீக்கிரம் பழசாகிவிடும்.

ஆக, கருவி இருக்கிறது, விதி இருக்கிறது. இல்லாதது, ஆள் எடுத்த அன்று மாலை அந்தப் பக்கத்தை மூட வேண்டும் என்ற பழக்கம். கடைசித் தேதி போடாத வேலை அறிவிப்புக்கு லேபிளே ஒட்டக்கூடாது என்று ஒரு தளம் தனக்குத் தானே விதி வைத்துக்கொண்டால் தேடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. கூகுள் இந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்காமல் 'பரிந்துரை' என்று விட்டுவைத்திருப்பது தவறு.

தட்டாமலே போகிறவர்கள்

இன்னொரு கேள்வியும் நியாயமானது. எல்லாத் தகவலையும் அழகாகப் பிரித்து இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், வாசகர் எதற்கு நம் பக்கத்துக்கு வர வேண்டும்? சாம்பாருக்கு எவ்வளவு நேரம் என்பது வெளியிலேயே தெரிந்துவிட்டதே.

இந்தப் பயத்துக்கு இப்போது எண்களும் இருக்கின்றன. தேடல் முடிவுக்கு மேலே ஏஐ எழுதித் தரும் சுருக்கம், 'ஏஐ ஓவர்வியூஸ்', 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் 2025 மார்ச் மாதத் தேடல்களை ப்யூ ஆய்வு மையம் அலசியது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான இணைப்பு ஒன்று தட்டப்பட்டது. சுருக்கம் வராதபோது அது 15 சதவீதம்.

அப்படின்னா லேபிளே ஒட்டாமல் இருந்துவிடலாமா? அதனால் எதுவும் தப்பிக்காது. ஏஐ சுருக்கத்தில் இடம்பெறத் தனி லேபிள் எதுவும் தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது. அதாவது லேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நம் பக்கத்தைப் படிக்கத்தான் போகிறது. இல்லாதபோது விலையையும் நேரத்தையும் ஊகித்து எழுதும். தவறாக ஊகித்தாலும் அந்தத் தகவல் நம் பெயரில்தான் போகும்.

இந்த லேபிள்களை இனி தேடல் பொறி மட்டும் படிக்கப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. குஹா 2025-ல் மைக்ரோசாஃப்டில் இருந்தார். ஒரு இணையதளத்தோடு சாட் செய்வது போலப் பேசிக் கேள்வி கேட்க உதவும் 'என்எல்வெப்' என்ற திட்டத்தை 2025 மே மாதம் அந்த நிறுவனம் அறிவித்தது. அதன் பின்னால் இருப்பவர் அவர்தான். தளங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் ஸ்கீமா லேபிள்கள் அதற்குத் தீனி. நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டு எழுதிய பொய்யும் அதே வழியில் உள்ளே போகும்.

எனவே பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். அலங்காரத்துக்காக ஒட்டும் லேபிள்கள் கூகுளின் மனநிலையைப் பொறுத்தவை. இன்று இருக்கும், நாளை போகும். யார், எங்கே, எப்போது, எவ்வளவு, எதுவரை என்ற தகவல்களைச் சொல்லும் லேபிள்கள் யார் படித்தாலும் பயன்படும். சின்னத் தளம் நடத்துபவர்கள் கையில் இருக்கும் நேரத்தை இரண்டாவது வகைக்குக் கொடுப்பது நல்லது. கட்டுரைக்கு எழுதியவர் பெயரும் தேதியும், பொருளுக்கு விலையும் இருப்பும், நிகழ்ச்சிக்கு நாளும் இடமும், வேலைக்குக் கடைசித் தேதி.

செய்தித் தளங்களும் இதில் தப்ப முடியாது. ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டு 'புதுப்பிக்கப்பட்டது' தேதியை இன்றைக்கு நகர்த்துவதும் வேலைத் தளங்கள் செய்வதன் தம்பிதான். ஸ்கீமா அகராதியில் செய்தி அறிக்கைக்கு ஒரு வகை, கருத்துக் கட்டுரைக்கு ஒரு வகை, விளம்பரதாரர் கட்டுரைக்கு ஒரு வகை என்று தனித்தனியாக உண்டு. மூன்றாவது வகையை நேர்மையாகப் பயன்படுத்த எத்தனை தளங்களுக்கு மனசு வரும்?

இனிஷியலை எங்கே போடுவது?

டாக்டரோவின் ஏழு காரணங்களில் ஐந்தாவது, எந்த அகராதியும் நடுநிலையானதல்ல என்பது. தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆளின் பெயருக்கு ஸ்கீமாவில் 'கிவன் நேம்', 'ஃபேமிலி நேம்' என்று இரண்டு கட்டங்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடும் ஊரில் ஃபேமிலி நேம் என்று எதை எழுதுவது? பாஸ்போர்ட் படிவத்தில் விழி பிதுங்கிய அதே கேள்வி. நல்லவேளை, இங்கே பிதுங்க வேண்டியதில்லை. இரண்டையும் விட்டுவிட்டு, 'நேம்' என்ற ஒரே கட்டத்தில் இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவோம் இல்லையா? அதற்கு 'ஆல்டர்நேட் நேம்' என்று ஓர் இடம் இருக்கிறது. கடையின் தமிழ்ப் பெயர் ஒன்றில், ஆங்கில எழுத்துக்கூட்டல் மற்றொன்றில். பக்கம் தமிழில் இருக்கிறது என்று சொல்லவும் தனிக் கட்டம் உண்டு.

முகவரியும் அப்படித்தான். 'பஸ் ஸ்டாண்ட் பின்புறம், பிள்ளையார் கோவில் எதிரில்' என்பதுதான் நம் முகவரி. அதற்கென்று கட்டம் கிடையாது. தெருப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டு, அட்சரேகை தீர்க்கரேகையையும் கொடுத்துவிட்டால் குழப்பம் இல்லை.

நேரத்தில் ஒரு சின்ன கண்ணி இருக்கிறது. 'காலை 6 மணி' என்று வெறுமனே எழுதினால் எந்த நாட்டு 6 மணி என்று தெரியாது. கூகுள் தன் இயந்திரத்தின் நேர மண்டலத்தை வைத்துக் கணக்கிடும். பின்னால் +05:30 சேர்த்தால்தான் அது இந்திய நேரம். இன்னொரு கண்ணி, மேற்கோள் குறி. வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிய நிரலை அப்படியே ஒட்டினால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். பார்க்க அழகு. ஆனால் மொத்த லேபிளும் செத்துவிடும். தமிழ் எழுத்துகளால் பிரச்னை வந்ததாக நினைத்துப் பலர் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள். தமிழில் எழுதுவதால் எந்தக் கோளாறும் வராது.

கூகுளின் 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்' பக்கத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டால் பிழைகளை இலவசமாகக் காட்டும். எழுத்துப் பிழையைத்தான் அது பிடிக்கும், பொய்யை அல்ல. தனி இணையதளம் இல்லாத கடை என்றால் இவை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். 'கூகுள் பிசினஸ் புரொஃபைலில்' நேரமும் போன் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இணையதளம் இருக்கும் கடைகள், திறக்கும் மூடும் நேரத்தோடு பண்டிகை விடுமுறையையும் குறிக்கலாம். பொங்கலுக்கு மூன்று நாள் மூடினால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுத ஸ்கீமாவில் தனிக் கட்டமே இருக்கிறது.